எல்லை மலைகளின் வரலாறு – 17: கைதி கேட்ட கேள்வி

இந்தியக் குடியரசு பிறந்து ஐந்து வாரம்கூட நிறையவில்லை. 1950 மார்ச் 1 அன்று, சென்னை மாநிலச் சிறையில் இருந்த ஒரு கைதியின் கையில் அரசு ஒரு புதிய உத்தரவைத் திணித்தது. பிப்ரவரி கடைசி வாரத்தில்தான் நாடாளுமன்றத்தில் சர்தார் படேல் அவசரமாக நிறைவேற்றியிருந்த தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு அது. விசாரணை கிடையாது. குற்றச்சாட்டு கிடையாது. காவலில் வைத்ததன் காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்றது அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. மீறிச் சொன்னால் தண்டனை.

கைதியின் பெயர் ஏ.கே. கோபாலன். மலையாளிகளுக்கு ஏ.கே.ஜி. நம் தொடரின் களமான பாலக்காடும் இடுக்கியும் பின்னாளில் இவர் வாழ்க்கையோடு பின்னிப் பிணையப் போகின்றன. அதனால் இந்த இதழில் நாம் மலையிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

1904-இல் கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர் கோபாலன். 1931-இல் குருவாயூர் ஆலய நுழைவுப் போராட்டத்தின் தொண்டர் படைத் தலைவர். 1936-இல் கண்ணூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகப் பட்டினி யாத்திரை நடத்தி வந்தவர். காங்கிரசில் தொடங்கி, சோஷலிஸ்டாகி, கம்யூனிஸ்டானவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடெங்கும் கொடி ஏறியபோது இவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். இடையில் விடுதலை, அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி கைது. தண்டனைத் தீர்ப்புகள் ரத்தானாலும் அடுத்தடுத்த தடுப்புக் காவல் உத்தரவுகள் அவரை வெளியே விடவில்லை.

வெள்ளையர் காலத்தில் இப்படி ஒரு கைதிக்குப் பெரிதாக வழியில்லை. 1950-இல் ஒரு வழி பிறந்திருந்தது. அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவு, அடிப்படை உரிமை பறிபோனால் எவரும் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. கோபாலன் போனார். அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். எதிரே அட்டர்னி ஜெனரல் எம்.சி. செடல்வாட், சென்னை அரசுக்காக அட்வகேட் ஜெனரல் கே. ராஜா அய்யர். ஆறு நீதிபதிகள் அமர்ந்தார்கள். அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயம் நடைமுறையில் எதற்கு உதவும் என்று நாடு பார்த்த முதல் பெரிய வழக்கு இதுதான்.

வழக்கின் உயிர்நாடி 21-ஆவது பிரிவு. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித விடுதலையையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. நம்பியார் கேட்டார்: நாடாளுமன்றம் எதை எழுதினாலும் அது சட்டமாகிவிடுமா? நியாயமான நோட்டீஸ், நடுநிலையான விசாரணை, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு ஆகியவை எந்த அரசும் எழுதித் தருவதற்கு முன்பே மனிதனுக்கு உள்ளவை அல்லவா? அவற்றை மீறும் நடைமுறையை எப்படிச் சட்டம் என்பது?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முன்கதை இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை முதலில் எழுதிய வரைவில் அமெரிக்க அரசியலமைப்பில் உள்ள ‘உரிய சட்ட முறை’ என்ற பாதுகாப்பு இருந்தது. அது இருந்தால், ஒரு சட்டம் நியாயமானதா என்றே நீதிபதிகள் பார்க்கலாம். சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் கையை நீதிபதிகள் கட்டிப்போடும் ஆபத்தை ஃபிராங்ஃபர்ட்டர் சுட்டிக்காட்டினார். சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் அதே பக்கம் நின்றார். கே.எம். முன்ஷி போன்றவர்கள் எதிர்த்தும் பயனில்லை, வாசகம் மாறியது. அது அம்பேத்கருக்கு நெருடலாகவே இருந்தது. அதை ஓரளவு ஈடுகட்டத்தான், கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும் என்ற உத்தரவாதங்களைத் தனிப் பிரிவாக அவர் 1949 செப்டம்பரில் கொண்டுவந்தார். ஆனால் அதே பிரிவுக்குள் தடுப்புக் காவலுக்கும் இடம் விடப்பட்டது.

1950 மே 19. தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை கோபாலனின் மனுவைத் தள்ளியது. சட்டம் என்றால் அரசு இயற்றிய சட்டம். இயற்கை நீதி என்ற அளவுகோலை வைத்து நாடாளுமன்றத்தின் சட்டத்தை எடைபோட முடியாது என்பது அதன் சாரம். நீதிபதி ஃபசல் அலி மட்டும் விடுதலை என்ற உரிமையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கக் கூடாது, நோட்டீசும் விசாரணையும் சட்டம் என்பதற்குள்ளேயே அடங்கியவை என்று எழுதினார். அந்த மாற்றுக் கருத்து பல ஆண்டுகள் நூலகத்தில் தூங்கியது.

தீர்ப்புக்குள் இன்னொன்றும் இருக்கிறது. சென்னைக்காரரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, மக்கள் தங்கள் அதிகாரங்களைச் சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று ஒப்படைத்தபோது சில உரிமைகளைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் அவை அடிப்படை உரிமைகள் என்று எழுதினார். அரசுக்கு முந்தையவை, அரசுக்கு மேலானவை என்று ஒத்துக்கொண்ட பேனாதான், அடுத்த பக்கங்களில் 21-ஆவது பிரிவின் சட்டம் அரசு எழுதுவதே என்றும் எழுதியது. உரிமை மக்களுடையது, அதன் எல்லைக்கோட்டை வரையும் பேனா அரசுடையது. இந்த முரண்பாட்டோடுதான் குடியரசு நடக்கத் தொடங்கியது.

தோல்வியிலும் கோபாலனுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. வாயைக் கட்டும் அந்த 14-ஆவது பிரிவு செல்லாது என்று ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். தடுப்புக் காவல் கைதி எவராலும் அதன்பிறகு தன்னைப் பிடித்த காரணத்தை நீதிபதியிடம் காட்ட முடிந்தது. சிறையில் உட்கார்ந்து ஒரு மனிதர் போட்ட மனுவால் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்குக் கிடைத்த வாசல் அது.

உரிமை அரசுக்கு முந்தையதா, அரசு தருவதா என்ற இந்தக் கேள்வி இந்தியாவில் முளைத்ததல்ல. அரசு என்பதே ஏற்கெனவே உள்ள உரிமைகளைக் காப்பதற்கு மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் எழுதினார். 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் அதையே சொல்லிப் பிரிந்தன; அடிமைகளை வைத்துக்கொண்டே சொல்லின என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின் உரிமைப் பிரகடனத்தைப் பார்த்த ஜெரமி பெந்தாம் எரிச்சலடைந்தார். சட்டம்தான் உரிமையைப் பெறும் தாய். சட்டம் இல்லாத உரிமை வெறும் பேச்சு என்பது அவர் கட்சி. பெந்தாமை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பட்டினி கிடப்பவனின் உரிமை எழுத்தில் இல்லை என்றால் எந்த அதிகாரியிடம் போய் அதை நீட்டுவது?

இதற்கு விடை தேடி இனி மலைக்குத் திரும்பலாம்.

பெரியாற்றின் கரையில், கட்டப்பனைக்குத் தெற்கே, அய்யப்பன்கோவில். இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவுப் பஞ்சத்தில் ‘கூடுதலாக உணவு விளைவியுங்கள்’ என்று அரசே அழைத்து, காட்டைத் திருத்த விட்ட பகுதிகள் இந்த ஹைரேஞ்சில் ஏராளம். மீனச்சில், சங்கனாச்சேரி பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு ஏறிய குடும்பங்கள் மரச்சீனி நட்டு, நெல் விதைத்து, யானைக்கும் மலேரியாவுக்கும் ஈடுகொடுத்து வாழ்ந்தன. 1950-களில் தேவிகுளம், பீர்மேடு தமிழகத்துக்கா கேரளத்துக்கா என்று வழக்கு நடந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சி அரசு திட்டமிட்டே இங்கே ஆட்களைக் குடியேற்றியது. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரிலேயே கல்லார்ப் பக்கம் பட்டம் காலனி உண்டானது. அதை இத்தொடரில் முன்பே பார்த்தோம்.

பிறகு இடுக்கி அணைத் திட்டம் வந்தது. அய்யப்பன்கோவில் உள்ளிட்ட நீர்த்தேக்கப் பகுதியிலிருந்து குடியேறியவர்களை அகற்ற வேண்டும் என்றது அரசு. இப்போதும் முதலமைச்சர் அதே பட்டம் தாணுப்பிள்ளை. 1961 கோடையின் முடிவில் போலீஸ் வந்தது. வீடுகள் பிடுங்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதி என்ற இடத்தில் இறக்கிவிடப்பட்டன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் குமுளி. அங்கே தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று தேனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையில் புல்லையும் ஓலையையும் கட்டி, நனைந்த மண்ணில் பாய் விரித்து, பிள்ளைகளோடு மக்கள் கிடந்தார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன.

அவர்களிடம் நில உரிமைப் பட்டயம் இல்லை. பட்டயம் இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். ஆக்கிரமிப்பாளனுக்கு உரிமை இல்லை. கொடுப்பதெல்லாம் அரசின் கருணை. இதுதான் அதிகாரிகளின் கணக்கு. உழைத்துத் திருத்திய நிலத்தின் மேல், சொந்தக் கூரையின் மேல், உயிர் வாழ்வதன் மேல் மனிதனுக்கு உள்ள உரிமை ஒரு தாளில் முத்திரை விழும்போதுதான் பிறக்கிறதா?

கோபாலன் அமராவதிக்கு வந்தார். அப்போது அவர் மக்களவையில் கம்யூனிஸ்டுகளின் தலைவர். ஜூன் மாதத்தில், அந்த மழையில், அகதிகளின் குடிசைகளுக்கு நடுவே ஒரு குடிசையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் அவர் தோற்ற வாதம் இங்கே வேறு வடிவில் வந்தது. இந்த மக்களுக்கு எந்தப் பிரிவின் கீழ் உரிமை இருக்கிறது என்று அவர் தேடவில்லை. உரிமை இருக்கிறது, ஒத்துக்கொள்ளுங்கள் என்றார். கத்தோலிக்கப் பாதிரியார் வடக்கன், கம்யூனிஸ்டுகளின் கடும் எதிரி, இந்த விஷயத்தில் அவரோடு ஒரே மேடையில் நின்றார். விமோசன சமரம் என்ற கிளர்ச்சியில் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்க வடக்கன் பாடுபட்டு இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கேரளம் முழுக்கக் கொந்தளித்தது. அரசு இறங்கி வந்து மறுவாழ்வுக்கு ஒப்புக்கொண்டது. ஹைரேஞ்சில் குடியேறியவர்களை வெளியேற்றும் ‘குடியிறக்கம்’ என்ற சொல்லை ஓட்டுக் கேட்கும் எந்தக் கட்சியும் அதன்பிறகு துணிந்து உச்சரிக்கவில்லை. 1977 ஜனவரி 1-க்கு முன் வனநிலத்தில் குடியிருந்தவர்களுக்குப் பட்டயம் தர 1993-இல் விதிகள் வந்ததற்கு விதை அமராவதியில் விழுந்தது.

1971-இல் கோபாலன் பாலக்காட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். வயது அறுபத்தாறு, உடல் நலிந்திருந்தது. அந்தப் பதவிக்காலத்தில்தான் அவருடைய பழைய வழக்கு புதிய உருவில் திரும்பி வந்தது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை. 14, 21, 22-ஆவது பிரிவுகளுக்காக எவரும் நீதிமன்றம் போகக் கூடாது என்று ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது. ஜூலையில் கூடிய மக்களவையில் பாலக்காட்டு உறுப்பினர் எழுந்து நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பேசினார். அவருடைய சகாக்கள் பலர் அப்போது சிறையில். 1976 பிப்ரவரி 12 அன்று, அய்யப்பன்கோவில் மக்களைத் துரத்தி எழுப்பிய இடுக்கித் திட்டத்தை இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே வில்லாக வளைந்து நிற்கும் அந்த அணையின் அழகை எவரும் மறுக்க முடியாது. அதே நாட்களில்தான் உச்ச நீதிமன்றத்தின் முன் ஜபல்பூர் வழக்கு இருந்தது.

வழக்கு இதுதான். மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவற்றை விசாரிக்கலாம் என்றன. அரசு மேல்முறையீடு செய்தது. விடுதலை என்ற உரிமை 21-ஆவது பிரிவில்தான் குடியிருக்கிறது. அந்தப் பிரிவின் கதவு சாத்தப்பட்டிருக்கும்போது உரிமையும் இல்லை என்றது. நீதிபதி எச்.ஆர். கன்னா குறுக்கிட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றால்கூட வழி இல்லையா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே.

உரிமை அரசு தந்தது என்ற கொள்கை கடைசிப் படிக்கட்டு வரை இறங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதை அந்தப் பதில் காட்டிவிட்டது.

1976 ஏப்ரல் 28. நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். 21-ஆவது பிரிவு எழுதப்படாமலே இருந்திருந்தாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பறிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. அதுதான் நாகரிகமான ஆட்சிக்கும் காட்டாட்சிக்கும் உள்ள வேறுபாடு என்ற பொருளில் எழுதினார். அதற்கு விலையும் கொடுத்தார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி இளையவரான எம்.எச். பெக்குக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மறுநாள் ஏ.கே. கோபாலன் இறந்தார். மூன்றே நாளில், மார்ச் 25 அன்று, ஈச்சர வாரியர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு கொடுத்தார். அவர் மகன் ராஜன், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவன், ஒரு வருடத்துக்கு முன் போலீஸ் பிடித்துப்போய்த் திரும்பாதவன். பிள்ளை காக்கயம் போலீஸ் முகாமில் கொல்லப்பட்டிருந்தான். முதலமைச்சர் பதவியேற்று ஒரே மாதமான கே. கருணாகரன் அந்த வழக்கால் பதவி விலகினார். நிரேன் டேயின் பதிலுக்கு ஒரு முகம் கிடைத்தது, அது கேரளத்து முகம்.

அப்புறம் நீதிமன்றம் தன் கணக்கைத் திருத்தத் தொடங்கியது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கு. நடைமுறை என்றால் நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றது. 1950-இல் நம்பியார் கேட்டது ஏறக்குறைய அதுதான். ஃபசல் அலியின் தூங்கிய கருத்து எழுந்து உட்கார்ந்தது. அதே ஆண்டின் 44-ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21-ஆவது பிரிவுகளை முடக்க முடியாது என்று பூட்டுப் போட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர்த் தீர்ப்பைப் புதைத்தது. உயிரும் விடுதலையும் மனிதனோடு பிறப்பவை, அரசியலமைப்பு அவற்றை உண்டாக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறது என்றது. அதில் முதன்மைத் தீர்ப்பை எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976-இல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

சட்டப் புத்தகத்தில் கேள்விக்கு விடை வந்துவிட்டது. மலையில் வந்ததா?

உரிமை அரசுக்கு முந்தையது என்று ஒத்துக்கொண்டால், உடனே அடுத்த கேள்வி எழும்: முந்தியவர் யார்? அய்யப்பன்கோவிலுக்குப் பக்கத்தில் கோவில்மலை இருக்கிறது. தமிழின் கிளைமொழி ஒன்றைப் பேசும், மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மன்னான் மக்களின் அரசரான ராஜமன்னான் வாழும் ஊர். குடியேறியவர்கள் காட்டைத் திருத்தியபோது அது ஆளில்லாத காடாக இருக்கவில்லை. மூணாறுக்கு அப்பால் இடமலக்குடியில் முதுவர்கள். பாலக்காட்டின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர். அட்டப்பாடியில் மலைச்சரிவில் பயிர் செய்த ‘ஊரு’ எனும் பழங்குடிக் குடியிருப்புகளின் நிலத்தை வாங்கியவர்களிலும் ஏமாற்றி எடுத்தவர்களிலும் மலையாளிக் குடியேற்றக்காரர்கள் மட்டுமில்லை, கோவைப் பக்கமிருந்து ஏறிய தமிழர்களும் உண்டு. இதை நாம் மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-இல் கேரளம் சட்டம் இயற்றியது. அதற்கு விதிகள் எழுத 1986 வரை ஆனது. நல்லதம்பி தேரா என்ற மருத்துவர் தொடுத்த வழக்கில், ஆறு மாதத்துக்குள் நிலத்தை மீட்டுக் கொடுங்கள் என்று 1993-இல் உயர் நீதிமன்றம் சொல்லியும் அரசு அசையவில்லை. 1999-இல் வேறு சட்டம் கொண்டுவந்து, இரண்டு ஹெக்டேர் வரை கைமாறிய நிலம் வைத்திருப்பவரிடமே இருக்கட்டும், பழங்குடிக்கு வேறிடத்தில் மாற்று நிலம் என்று மாற்றியது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அமராவதியில் ஓட்டுப் பலம் உள்ளவர்களுக்கு இறங்கி வந்த அதே மாநில அரசு, அட்டப்பாடியில் ஓட்டுப் பலம் இல்லாதவர்களிடம் இப்படி நடந்துகொண்டது.

2006-இன் வன உரிமைச் சட்டம்தான் இதில் திருப்பம். அது எந்த உரிமையையும் புதிதாகக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்களுடைய உரிமை பதிவாகாமல் போனது வரலாற்று அநீதி, அதை இப்போது ஏற்றுக்கொள்கிறோம் என்று முகவுரையிலேயே எழுதியது. அதன் விதிகளில் எது சான்று என்று பாருங்கள்: ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி, இடுகாடு, புனித இடம், கட்டிய வரப்பு, தடுப்பணை. முதலில் கேட்டு முடிவெடுப்பது தாசில்தார் அல்ல. கேரளத்தில் ஊர்க்கூட்டம் என்று கூப்பிடுகிற சபை. பாட்டன் புதைந்த இடத்தைக் காட்டி ஒரு மூப்பன் பேசினால், அதை அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தில் பெந்தாம் இருக்கிறார். எழுதப்படும் விஷயத்தில் லாக் இருக்கிறார். நம்பியார் 1950-இல் தேடியதும் இந்த இரண்டின் சேர்க்கையைத்தான்.

இந்த வழக்குகளையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தால், உரிமையை அரசின் கொடை என்று அரசு வாதிட்ட ஒவ்வொரு தடவையும் அதன் சுமை சிறையில் இருந்தவன் மேலும், நனைந்த குடிசையில் கிடந்தவள் மேலும், பட்டயம் இல்லாத ஊரு மேலும்தான் விழுந்திருக்கிறது. எழுத்து வேண்டும், எழுத்து இல்லாமல் ராஜனின் தந்தை எந்தக் கதவையும் தட்டியிருக்க முடியாது. ஆனால் அந்த எழுத்தைக் கறந்தவர்கள் எல்லாரும், எழுதப்படுவதற்கு முன்பே அது தங்களுடையது என்று நடந்துகொண்டவர்கள்.

அரசியலமைப்பே இல்லாத காலத்தில் இது எப்படி நடந்தது? அதற்குப் பாலக்காட்டிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1924 ஆகஸ்டில் ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுத் தெருக்களும் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்தவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அந்த நவம்பரில், கல்பாத்தித் தேர்த் திருவிழாவின்போது, அக்கிரகாரத் தெருவில் கால் வைத்த ஈழவர்கள் அடிபட்டார்கள். நகராட்சி பராமரிக்கும் தெருவில் நடக்க யாரிடம் அனுமதி கேட்பது என்று பாலக்காடு கேட்ட கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)